முதல் வரியில் வைரக்கண்ணு

கட்டைவிரல் பதியவில்லையா? பதியாது தம்பி, அவசரப்படாதீர்கள். முப்பத்து நாலு வருஷம் நிலம் அளந்த விரல். சங்கிலி இழுத்து இழுத்து ரேகை தேய்ந்துவிட்டது. சங்கிலி இழுக்கத் தனியாக ஆள் உண்டு, அது வேறு விஷயம். ஆனாலும் தேய்ந்தது என் விரல்தான்.

துடைத்துவிட்டு வைக்கிறேன். இந்தாருங்கள். இப்போதும் இல்லையா? சுற்றிக்கொண்டே இருக்கிறதா? சுற்றட்டும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

என் பேச்சு கொஞ்சம் அறிக்கை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புல எண், எல்லை, பரப்பு என்று எழுதி எழுதி வாய்க்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் மனைவியிடமும் இப்படித்தான் பேசுவேன். அவள் பதில் சொல்வதில்லை. ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன்.

ஓய்வூதியக்காரன் வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பு கருவூலத்துக்குப் போய் வரிசையில் நிற்போம். இப்போது தபால்காரர் நீங்களே மிஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். வசதிதான். போன வருஷம்வரை இதை ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வருஷம் அப்படி நினைக்க முடியவில்லை. எங்கள் சங்கத்தின் வெப்சைட்டில் நான் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது.

சிரிக்காதீர்கள். உள்ளே ஒருத்தி சிரிக்கிறாள் பாருங்கள், அவளுக்கும் அதைத்தான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற நில அளவையர் நலச் சங்கம். கீழ மூன்றாம் வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே போர்டு பார்த்திருப்பீர்கள். 'தலைவர், வைரக்கண்ணு' என்று முகவரி எழுதி வரும் கடிதங்களை நீங்களே கொண்டுவந்து போட்டிருப்பீர்கள். பதினெட்டு வருஷம் தலைவர். ஓய்வு பெற்ற மறு வாரமே நீள நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் ஒன்று என்று நம்பர் போட்டு என் பெயரை எழுதினேன். அதுதான் சங்கம் பிறந்த கதை. இரண்டாவது பெயர் எழுத நாலு மாதம் ஆனது.

பதவி ஆசை எனக்குக் கிடையாது. அதை எழுத்துமூலமாகவே தெரிவித்திருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்புமனுவோடு இணைத்துக் கொடுப்பேன்.

இதில் அடைக்கலம் என்று ஒருவன் வருகிறான். அவனைச் சொல்லாமல் விஷயம் விளங்காது. நாங்கள் இருவரும் ஒரே தேர்வில் தேறி, ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் மூன்றாம் தேதி சேர்ந்தான். எனக்கு அம்மை போட்டுவிட்டது. பதினாலாம் தேதி சேர்ந்தேன். பதினோரு நாள் தம்பி. அந்தப் பதினோரு நாளை வைத்துக்கொண்டு முப்பத்து நாலு வருஷம் துறையின் சீனியாரிட்டி பட்டியலில் எனக்கு மேல் வரியில் உட்கார்ந்திருந்தான். பதவி உயர்வா, அவனுக்குப் பிறகு எனக்கு. இடமாறுதலா, அவன் வேண்டாம் என்று விட்ட ஊர் எனக்கு. அம்மைக்குச் சீனியாரிட்டி தெரியுமா?

சங்கத்தில் அவன் நாற்பத்தொன்றாம் உறுப்பினர். விண்ணப்பம் என்னவோ முதல் வாரமே வந்துவிட்டது. பரிசீலனையில் இருந்தது.

அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் அவன் தந்திரம்.

நோட்டு பழசாகி மட்டை கழன்றது. செயலாளர் நாகூர்கனி ஒருநாள் வந்து, "அண்ணே, எல்லா விவரத்தையும் வெப்சைட்ல ஏத்திரலாம். யார் எந்த ஊரு, யாருக்கு உடம்பு முடியல, எல்லாம் வீட்ல இருந்தே பார்த்துக்கலாம்" என்றார். நல்ல மனிதர். உத்தரவை மீறாதவர். உலகமே முதல் வரியில் என் பெயரைப் பார்க்கும் என்றால் நான் ஏன் தடுக்கிறேன்? ஜெராக்ஸ் கடைக்காரர் மகள் பிரிஸ்கில்லா இன்ஜினியரிங் படித்தவள், வீட்டிலிருந்தே திருச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. கட்டம் கட்டமாக, புலப்படம் மாதிரி. எண், பெயர், பணியில் சேர்ந்த தேதி, சொந்த ஊர், கூட்ட வருகை, நிலை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். பக்கத்துக்கு இருபத்தைந்து பேராகப் பதின்மூன்று பக்கம். முதல் வரியில் நான். திருப்தியாக இருந்தது. அதோடு மூடி வைத்திருந்தால் நான் இன்று உயிரோடு இருந்திருப்பேன்.

"மேல தலைப்பு இருக்குல்ல சார், அதுல ஒரு தட்டு தட்டிப் பாருங்க" என்றாள்.

பெயர் என்ற தலைப்பைத் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் என் வரியைக் காணோம். அந்த இடத்தில் அடைக்கலம்.

"என்னம்மா இது?"

"அகர வரிசை சார். அ-வுல ஆரம்பிக்கிறவங்க முதல்ல வருவாங்க."

"நான் எங்கே?"

கடைசிப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்தேன். எனக்குக் கீழே ஸ்ரீனிவாசன், ஹபிபுல்லா, இரண்டே பேர். சேர்ந்த தேதியைத் தட்டச் சொன்னேன். முதலில் எங்களுக்கு மூத்தவர்கள் ஒரு கூட்டம் வந்தார்கள். இறங்கிக்கொண்டே போனால் அடைக்கலம், அவனுக்கு அடுத்து நான். அதே இரண்டு வரி. முப்பத்து நாலு வருஷம் பார்த்த அதே இரண்டு வரி.

"இன்னொரு தட்டு தட்டினா அப்படியே தலைகீழா வரும் சார்" என்று பெயரை இரண்டு முறை தட்டினாள். ஹபிபுல்லா வந்து தலையில் உட்கார்ந்தார். ஹபிபுல்லா யார்? பொதுக்குழுவுக்குப் போண்டா வரும் நேரம் பார்த்து வருகிறவர். எதிர் வீடுதான், கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம்.

"யார் தட்டினாலும் இப்படி மாறுமா?"

"மாறும் சார். உள்ள இருக்கிற விவரம் எதுவும் மாறாது. பார்க்கிற வரிசைதான் மாறும். வரிசை பார்க்கிறவங்க கையில இருக்கு சார்."

தம்பி, எல்லைக் கல்லைப் பிடுங்கி எறிந்தவனைப் பார்த்திருக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை நகர்த்தி நட்டவனைப் பார்த்திருக்கிறேன். கல்லே கிடையாது, அவரவர் நின்று பார்க்கிற இடம்தான் எல்லை என்று சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். அதுவும் சிரித்த முகமாக.

இந்தத் தட்டுகிற ஏற்பாட்டை எடுத்துவிடு என்றேன். அது ஃப்ரேம்வொர்க்கிலேயே வருகிறதாம். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். வெப்சைட் கட்டுகிறவர்கள் செங்கல்லிலிருந்து தொடங்குவதில்லையாம். கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் தயாராக ஒரு கட்டுமானம் இருக்குமாம். பட்டியல் வேண்டும் என்று அதனிடம் சொன்னால் வரிசை மாற்றுவது, வடிகட்டுவது, தேடுவது, பக்கம் பிரிப்பது எல்லாம் கூடவே வந்துவிடுமாம்.

"எடுக்கலாம் சார். ஆனா முன்னூறு பேர்ல ஒருத்தரைத் தேட இதுதானே வசதி?"

"தேடட்டும். யார் வேண்டாம் என்றது? என்னைத் தவிர மற்ற முன்னூற்றுப் பதினோரு பேரை எப்படி வேண்டுமானாலும் புரட்டட்டும். முதல் வரி அசையக்கூடாது."

மடிக்கணினியைப் பாதி மூடினாள். "ஒட்டி வைக்கணும்னு சொல்றீங்களா சார்?"

"ஒட்டி இல்லை அம்மா. நட்டு."

இதை அவள் தனியாக எழுத வேண்டுமாம். இப்படி ஒருத்தர் கேட்பார் என்று ஃப்ரேம்வொர்க் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள் என்றாள். என் பொருட்டு அவர்களும் யோசிக்காத ஒன்றைச் செய்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்டு எழுத ஆரம்பித்தாள்.

"எந்தத் தலைப்பைத் தட்டினாலுமா சார்?"

"எந்தத் தலைப்பைத் தட்டினாலும்."

"எந்தப் பக்கத்துக்குப் போனாலுமா?"

"எல்லாப் பக்கத்திலும்."

"எந்த வடிகட்டி போட்டாலுமா? யோசிச்சுச் சொல்லுங்க சார். நிலைன்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல வடிகட்டினாலுமா?"

"அம்மா, நான் பதினெட்டு வருஷமாகத் தலைவராக இருக்கிறேன். என்னிடம் யோசித்துச் சொல்லுங்கள் என்கிறாய். எதில் வடிகட்டினாலும்."

தாளைத் திருப்பி வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். சீலும் வைத்தேன். என் வழக்கம் அது.

விரலை மறுபடி வைக்கவா? இடது கையா? இடது கையும் அளந்த கைதான். சரி, வைக்கிறேன்.

அதன் பிறகு ஐந்து மாதம் பொற்காலம். யார் எதைத் தட்டினாலும் முதல் வரியில் நான். அச்செடுத்தால் பதின்மூன்று பக்கத்திலும் தலையில் நான். திருமயம் ஊர்க்காரர்கள் என்று வடிகட்டினால் முதலில் நான். எனக்குத் திருமயத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அறந்தாங்கி என்று போட்டாலும் நான்தான். அடைக்கலம் அச்சுப்பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வைரம், சினிமா போஸ்டர் கணக்கா திரும்பின பக்கமெல்லாம் நீயே நிக்கிற?" என்றான். வயிற்றெரிச்சல். வேறு என்ன?

நடுவில் சின்னதாக ஒரு சம்பவம். மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவர்களை நாகூர்கனி வடிகட்டி எடுத்து, எல்லாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். முதல் கடிதம் எனக்கு. தலைவர் வைரக்கண்ணு கையெழுத்தோடு உறுப்பினர் வைரக்கண்ணுவுக்கு. நீங்கள்தான் கொண்டுவந்து கொடுத்தீர்கள், கையெழுத்து வாங்கினீர்கள், நினைவிருக்கும். நான் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. மூன்று கூட்டத்துக்கும் வந்ததோடு தலைமையும் வகித்தேன் என்று தலைவருக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். தலைவர் என்ற முறையில் படித்துப் பார்த்தேன். விளக்கம் ஏற்கும்படி இருந்தது. ஏற்றுக்கொண்டு கோப்பை முடித்தேன். எந்தச் சங்கத்தில் இவ்வளவு நியாயம் நடக்கும்?

அந்தப் பெண் கேள்விப்பட்டு மாடிக்கு ஓடிவந்தாள். "சார், வரிசை மாத்தும்போது மட்டும் உங்க பேர் முதல்ல இருக்கட்டும். வடிகட்டும்போது எடுத்திரலாம். ரெண்டே வரி மாத்தினாப் போதும். இல்லேன்னா எங்கேயாவது தப்பாப் போயிரும் சார்."

"இன்று இரண்டு வரி என்பாய். நாளை இன்னும் இரண்டு வரி என்பாய். நட்ட கல்லில் கை வைக்காதே."

"சரி சார். நீங்க கையெழுத்துப் போட்ட தாள் பத்திரமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பெரியவர்கள் கையெழுத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாளே, நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் பொதுக்குழு. எங்கள் பொதுக்குழுவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, அந்த வருஷம் மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி, பிறகு தேர்தல், பிறகு சாப்பாடு. நாகூர்கனி நிலை என்ற தலைப்பில் மறைந்தோர் என்று வடிகட்டிப் பட்டியலை எடுத்துக்கொண்டுவந்தார். நான் முதல் வரியைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தேன்.

தலைப்பைப் படிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். தம்பி, ஒரு பட்டியலில் முதல் வரி சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். இது அனுபவம். நாகூர்கனிக்குச் சந்தேகம் வந்ததாம். "எல்லா லிஸ்ட்லயும் நீங்கதான முதல்ல வருவீங்க, இதுலயும் வரணும்போலன்னு விட்டுட்டேண்ணே" என்றார் பிறகு. சொன்னேனே, உத்தரவை மீறாதவர்.

பட்டியல் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனிடம் போனது. வெப்சைட்டிலிருந்தே படங்களையும் எடுத்துக்கொண்டான். மற்ற ஏழு பேருக்கும் ஓய்வூதியப் புத்தகத்துப் படம். எனக்குச் சால்வை போட்ட படம். அதனால் என்னை மட்டும் பெரிதாகப் போட்டு, மற்றவர்களைச் சுற்றி வைத்திருக்கிறான். கறுப்பு ரிப்பன், கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அதைக் கட்டியிருந்தது மேடையில் என் நாற்காலிக்கு நேர் பின்னால். மேடையில் இருக்கிறவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பது அழகில்லை. நான் பார்க்கவில்லை. என் படத்துக்கு நேர் கீழே கால்மேல் கால் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வருஷம் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

நாகூர்கனி மைக்கைப் பிடித்து, "நம் சங்கத் தலைவர், திரு. வைரக்கண்ணு அவர்கள்" என்றார். வரவேற்கிறார் என்று எழுந்து கும்பிட்டேன். சபை முழுவதும் எழுந்து நின்றது. பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு மரியாதை நான் கண்டதில்லை. கண்ணில் நீர்கூட வந்தது, உண்மையைச் சொல்ல என்ன. இரண்டாவதாக அவர் வாசித்த பெயர் பெரிச்சியப்பன். பெரிச்சியப்பன் காரியத்துக்கு நான் போய் வந்தேன். ஐப்பசியில்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மௌனம் ஆரம்பித்துவிட்டது. மௌன அஞ்சலியில் பேசக் கூடாது. முன்பெல்லாம் அரை நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியவன் நான். நானே மீறினால்? நின்றேன். தலையைக் குனிந்து, கையைக் கட்டி, எனக்கு நானே இரண்டு நிமிஷம் நின்றேன். ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. வந்திருந்த நூற்றெண்பது பேரில் ஒருத்தர் சிரிக்கவில்லை. ஒருத்தர் 'அட, ஆள் அங்கேதானே நிற்கிறார்' என்று சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தியது கேட்டது. அழுகையாகத்தான் இருக்கும்.

இரண்டு நிமிஷம் முடிந்ததும் மைக்கை வாங்கி, "நான் உயிரோடு இருக்கிறேன்" என்றேன். நாகூர்கனி அதை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

தேர்தல் அதிகாரியாகச் சவரிமுத்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார், கறார் ஆள். வேறு யாரும் மனு போடாததால் வழக்கம்போல நான் போட்டியின்றி வர வேண்டியது. அவர் பட்டியலைக் கையில் எடுத்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னுடையதுதான்."

"சீலு?"

"நானே வைத்தேன்."

"உங்க விதி பதினாலு என்ன சொல்லுது? தலைவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பட்டியலே முடிவு, அதை மாத்தணும்னா தலைவர்தான் மாத்தணும். தலைவர் இந்தப் பட்டியல்ல இருக்காரே, நான் யாரைக் கேக்குறது?"

விதி பதினாலை எழுதியதே நான்தான். ஓட்டை இல்லாத விதி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தவறு அந்தப் பெண்ணுடையது என்று எழுந்து சொன்னேன். கீழே கடைசி வரிசையில் அவள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நாகூர்கனியிடம் கொடுத்தாள். அவர் மைக்கில் வாசித்தார். எந்தத் தலைப்பைத் தட்டினாலும், எந்தப் பக்கத்துக்குப் போனாலும், எதில் வடிகட்டினாலும். அப்போதுதான் சபை சிரித்தது. இரண்டு நிமிஷ மௌனத்தில் அடக்கிவைத்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். அவள் தமிழ் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நாகூர்கனி தடுமாறி வாசித்ததற்காக இருக்கலாம்.

சவரிமுத்து மோசமான ஆள் இல்லை. ஒரு வழியும் வைத்திருந்தார். விதி பதினைந்து. தலைவர் செயல்பட முடியாத நிலையில், வந்திருப்பவர்களில் மிக மூத்த உறுப்பினர் முன்மொழிந்து, சம்பந்தப்பட்டவரும் கையெழுத்திட்டால் எந்தப் பதிவையும் திருத்தலாம். எங்களுக்கு மூத்தவர்கள் யாரும் அன்று வரவில்லை. அங்கேயே தீர்மானம் எழுதினார். 'வந்திருப்போரில் மிக மூத்த உறுப்பினர் திரு. அடைக்கலம் அவர்கள் முன்மொழிய, திரு. வைரக்கண்ணு உயிருடன் இருப்பதாக இச்சபை தீர்மானிக்கிறது.'

அடைக்கலம் எழுந்தான். "முன்மொழியிறேன்யா. ஆளு கண்ணு முன்னால குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. சட்டுனு முடிச்சிட்டு இலையைப் போடச் சொல்லுங்க."

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன் தம்பி. இந்த முறை முதல் வரியை முழுதாகப் படித்தேன். மிக மூத்த உறுப்பினர் திரு. அடைக்கலம். அந்த மூன்று சொல்லை எடுத்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"அது இல்லேன்னா விதி பொருந்தாதுங்க" என்றார் சவரிமுத்து.

அடைக்கலம் மேடைக்கு வந்து என் தோளில் கை வைத்தான். "பதினோரு நாள்தானப்பா வைரம். நீயே எடுத்துக்க. நான்தான் பதினாலாம் தேதி சேர்ந்தேன்னு எழுதச் சொல்லு, நீ முன்னால போ. எனக்கு என்ன வந்துச்சு?"

கேட்டீர்களா? முப்பத்து நாலு வருஷம் என் தலைமேல் உட்கார்ந்திருந்த பதினோரு நாளை, போண்டாத் தட்டை நகர்த்துவதுபோல என் பக்கம் தள்ளுகிறான். அவன் கொடுத்து நான் மூத்தவனாக வேண்டுமா? அவன் முன்மொழிந்து நான் உயிரோடு இருக்க வேண்டுமா? பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். மேடையை விட்டு இறங்கினேன். இறந்தவன் எப்படி நடந்து போகிறான் பார் என்று எவனோ சொன்னது கேட்டது. நிமிர்ந்து நடந்ததைத்தான் சொல்லியிருப்பான்.

அடைக்கலம் தலைவர். அவன் கேட்கவே இல்லை, உட்காரவைத்துவிட்டார்கள். தந்திரக்காரன்.

அதிகாரி முடிவுப்படி என் பெயருக்கு எதிரே நிலை என்ற இடத்தில் மறைந்தோர் என்று போட்டாயிற்று. முதல் வரியில் என்னை நட்டு வைத்த அந்த வரிகளையும் அவள் எடுத்துவிட்டாள். இப்போது இறந்தவர்களை வடிகட்டினால் எட்டுப் பேரில் எட்டாவது நான். அகர வரிசை. அங்கேயும் பெரிச்சியப்பன் எனக்கு முன்னால்.

நீங்கள் எடுத்துத் தரும் சான்றின் நகல் ஒன்றை அனுப்பினால் நிலையை மாற்றிவிடலாம் என்று அடைக்கலம் சொல்லி அனுப்பியிருக்கிறான். வீட்டில் இவளும் காலையிலிருந்து அதையேதான் சொல்கிறாள். நகல் அனுப்பலாம். கூடவே ஒரு விண்ணப்பம் வைக்க வேண்டுமே? 'தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்க வேண்டுமே? அடைக்கலத்துக்கு நானா? இந்தச் சான்று எனக்குத் தேவைதான். அனுப்புவதற்கு இல்லை. வைத்துக்கொள்வதற்கு.

என்ன, பச்சை வந்துவிட்டதா? பதிந்துவிட்டதா? எந்த விரல்? சரி, எதுவோ. தெய்வானை, கேட்டாயா? நான் இருக்கிறேன்! உறுதியாகிவிட்டது!

பதில் இல்லை பாருங்கள். ஏற்றுக்கொண்டாள்.

போனில் அது என்ன பட்டியல் தம்பி? இன்று எடுத்தவர்களா? காட்டுங்கள். இருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு இந்த மாதம்தான் முறை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி அப்படி.

முதல் வரி. அடைக்கலம். ஒன்பது மணி ஐந்து நிமிஷம்.

அவன் வீட்டுக்கு ஏன் முதலில் போனீர்கள்? அவன் வீடு இதற்கும் மூன்று தெரு தள்ளி அல்லவா? என் வீட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? வாசலில் நின்று கூப்பிட்டானா? கூப்பிடுவான். நான் எங்கே? கீழே தள்ளுங்கள். இன்னும் கீழே. ஒன்பதாவது. கடைசி.

மேலே நேரம் என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அதில் ஒரு தட்டு தட்டுங்கள். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கிற விவரம் எதுவும் மாறாது, பார்க்கிற வரிசைதான் மாறும். வரிசை பார்க்கிறவர் கையில் இருக்கிறது தம்பி. தட்டுங்கள்.

ம்.

அப்படியே இருக்கட்டும். கையை எடுங்கள்.

அடுத்து எந்த வீடு? எதிர் வீடா? ஹபிபுல்லாவா? அவர் விரல் வைத்தால் எனக்கு மேலே வந்து உட்கார்ந்துவிடுவாரே.

அதற்குள் எழுந்துவிட்டீர்களே. உட்காருங்கள் தம்பி. என்ன அவசரம்? அந்த மனுஷன் எங்கேயும் போக மாட்டார். தெய்வானை, தம்பிக்கு ஒரு காபி போடு. டிகாஷன் புதிதாக இறக்கு. மெதுவாகவே போடு.